உப்புக்காற்றுக்குப் பிடிக்காத நிறம் எது?

பழைய காருக்கு நிறமும் பூச்சும் தேர்ந்தெடுப்பது பற்றிக் காட்டுப்பள்ளி, பழவேற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த வாரப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், நடுவே மணல்மேடு. இரண்டு பக்கமும் உப்பு. இந்த ஊரில் ஐந்து வருடம் நிற்கிற பூச்சு வேறெங்கேயும் பத்து வருடம் நிற்கும். அதனால் பதில்களில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கும்.

அப்பா விட்டுப்போன 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கொட்டகையில் நிற்கிறது. இப்போது நீலம். அம்மா ‘வாங்கும்போது வேற கலர்’ என்கிறார். என்ன நிறம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*— காட்டுப்பள்ளி வாசகர்*

அம்மா சொல்வதை நம்பிப் புறப்படுங்கள். சாட்சியைக் காரே வைத்திருக்கும். பெயின்டரின் கை எட்டாத இடங்களில் தேட வேண்டும். டாஷ்போர்டுக்கு அடியில், ஸ்டெப்னிக்குக் கீழே, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் தெரியும் தகரத்தில், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்.

அங்கேயும் நீலம்தான் என்றால் ஒரு சோதனை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓரிடத்தில், 800 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேயுங்கள். ஓரத்தில் மெதுவாக, நடுவில் அழுத்தி. சேறாக வருவதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நடுவில் தகரம் பளிச்சென்று தெரியும். அதைச் சுற்றி பிரைமர், பிறகு ஒரு நிறம், மறுபடி சாம்பல் பிரைமர், அதற்கு வெளியே இன்னொரு நிறம், கடைசி வளையமாக இன்றைய நீலம். தகரத்தை ஒட்டிய பிரைமருக்கு அடுத்த வளையம்தான் தொழிற்சாலையில் அடித்த நிறம். ஒரு கதவு எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் மூன்று இடத்திலாவது தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கிடைத்த நிறத்தைக் கம்பவுண்டு போட்டுத் தேய்த்து, மங்கல் போன பிறகு கலர் ஸ்கேனர் உள்ள பெயின்ட் கடைக்குக் கொண்டுபோங்கள். மங்கிய பெயின்டை ஸ்கேன் செய்தால் மங்கிய நிறம்தான் கலந்து வரும்.

ஹெரால்டு அசலில் க்ரீம் என்று தெரிந்துவிட்டது. எனக்குச் சிவப்பு ஆசை. அடித்தால் தப்பா?
*— அதே வாசகர்*

தப்பில்லை. முதலில் ஆர்.சி.யில் என்ன நிறம் என்று பாருங்கள். நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது. 50 வயது கடந்த, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் தொழிலுக்கும் எடுக்கக் கூடாது. சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

என் கருத்தைக் கேட்டால், க்ரீம். ஹெரால்டு மதராஸில் செய்த கார். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவத்தை 1961 முதல் நம் ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கட்டியது. பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இனி ஒரு ஹெரால்டு புதிதாகப் பிறக்கப்போவதில்லை. மிஞ்சியிருக்கிற ஒவ்வொன்றும் பிறந்த நிறத்தில் நின்றால்தான் அந்தக் கம்பெனி என்ன செய்தது என்பது பேரப்பிள்ளைகளுக்குக் கண்ணால் தெரியும். சிவப்பு ஆசையை உள்ளே சீட் உறையில் தீர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றி மாற்றலாம்.

அம்பாசிடருக்கு வெள்ளை அடித்தால் தாசில்தார் வருகிறார் என்று ஊரே எழுந்து நிற்குமே?
*— மீஞ்சூர் வாசகர்*

நிற்கட்டும், மரியாதைதானே! கடலோரத்தில் வெள்ளைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. துரு எங்கே தலைநீட்டினாலும் காவிக் கோடாக அன்றைக்கே காட்டிக்கொடுக்கும். அடர் மெரூனில் அதே துரு ஆறு மாதம் ஒளிந்திருந்து, ஓட்டை விழுந்த பிறகு வெளியே வரும். வெள்ளை வண்டிக்கு வெயிலில் சூடும் குறைவு. 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் ஓடிய தொழிற்சாலை அம்பாசிடரை வேறு பல நிறங்களிலும் அனுப்பியது. உங்கள் வண்டி பிறந்தது வேறு வெளிர் நிறத்தில் என்றால் அதையே அடியுங்கள். நன்மை அதிலும் கிடைக்கும்.

கறுப்பு?
*— பழவேற்காடு வாசகர்*

ஃபோர்டு ‘மாடல் டி’ 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. தொழிற்சாலையின் வேகத்துக்கு அது வசதிப்பட்டது. உங்கள் ஊரில் கறுப்பின் மேல் உப்பு காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். தினமும் கழுவ ஆள் வேண்டும். அசலே கறுப்பு என்றால் மட்டும் அடியுங்கள், ஆளையும் தேடிக்கொள்ளுங்கள்.

பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். மிலிட்டரி பச்சை அடித்தால் கம்பீரமாக இருக்கும் அல்லவா?
*— பொன்னேரி வாசகர்*

கம்பீரமாக இருக்கும், போலீஸ் நிறுத்தும் வரை. ராணுவத்தின் ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. ராணுவம் ஏலத்தில் விட்ட ஜீப்பாக இருந்தாலும் உங்கள் கைக்கு வந்த பிறகு நிறம் மாற வேண்டும்.

பெயின்டர் அண்ணன் ‘டூக்கோ போதும்’ என்கிறார். என் மகன் ‘பி.யூ.தான்’ என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
*— காட்டுப்பள்ளி வாசகர்*

கார் எங்கே நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்தது, ஐயா.

பெயின்டர் சொல்வது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். 1920களில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனி ‘டூக்கோ’வைக் கொண்டுவந்தபோது, வாரக்கணக்கில் காய வேண்டியிருந்த காருக்கு மணிக்கணக்கு போதுமானது. மெல்லிய கோட்டாகப் பலமுறை அடித்து, கம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் ஆழமான, மென்மையான பளபளப்பு வரும். பழைய காருக்கு அந்த முகம்தான் பொருத்தம். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் வெயிலில் மங்கும், வெடிக்கும், உப்புக்காற்றை அதிக நாள் தாங்காது.

பி.யூ. (பாலியூரித்தேன்) என்பது ஹார்டனர் கலந்து அடிப்பது. ரசாயன முறையில் இறுகுவதால் ஈரத்தையும் பெட்ரோல் சிந்தலையும் நன்றாகத் தாங்கும். சிலர் அதற்குமேல் கெட்டியாக கிளியர் கோட்டும் போட்டுக் கண்ணாடியாக்கிவிடுவார்கள். 1969 கார் ஷோரூமில் நேற்று வாங்கிய வண்டியாகத் தெரியும்.

நகரத்தில் மூடிய கராஜில் நின்று ஞாயிறு மட்டும் வெளியே வரும் காருக்கு என்.சி. அடிக்கலாம். மணல்மேட்டில் நிற்கும் காருக்கு மகன் பக்கம்தான் நான். ஆனால் கிளியர் கோட் இல்லாத, நிறத்திலேயே மினுக்கம் உள்ள பி.யூ.வைக் கேளுங்கள். நன்றாக இறுகியபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் மெதுவாகத் தேய்த்து பாலிஷ் போடச் சொன்னால் என்.சி.யின் அந்த மென்மை பெருமளவு வந்துவிடும். அந்தத் தேய்ப்பில் உங்கள் பெயின்டரின் கைதான் கெட்டிக்காரக் கை. இரண்டு பேரும் ஜெயித்தார்கள்.

மெட்டாலிக்? மேட் ஃபினிஷ்?
*— கல்லூரி மாணவர், எண்ணூர்*

இரண்டும் வேண்டாம், தம்பி. மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் படுகிற கோணம் ஒவ்வொரு ஸ்ப்ரேயிலும் மாறும். ஒரு கதவை மட்டும் திரும்ப அடித்தால் அந்தக் கதவு தனியாகத் தெரியும். மேட் பூச்சை பாலிஷ் போட முடியாது. போட்டால் அந்த இடம் பளபளக்கும், போடாவிட்டால் நீர்க்காகத்தின் எச்சம் நிரந்தரமாகும். திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டிய ஊரில், சரிசெய்ய முடிகிற பூச்சே நல்ல பூச்சு.

மேலே நல்ல பெயின்ட் அடித்தும் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. பெயின்டா, பெயின்டரா, யார் குற்றவாளி?
*— பழவேற்காடு வாசகர்*

மூன்றாவது ஆள்: பெயின்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்த உப்பு. துருக்குழியில் கண்ணுக்குத் தெரியாத உப்பு இருந்தால், அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் எழுப்பும். துருவின் மேல் பெயின்ட் அடிப்பது ஐஸ் போடாத பெட்டியில் மீனை மூடி வைப்பது மாதிரி. மூடி பளபளக்கும், மூன்றாம் நாள் தெருவுக்கே தெரியும்.

வரிசை இதுதான். பழைய பெயின்டையும் துருவையும் தகரம் வரை எடுத்துவிடுங்கள். பிறகு தகரத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் கூடாது! மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனோடு சென்னைக்காக நிற்கிறது. ஆனால் உங்கள் காரைக் கழுவ லாரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் கழுவிய தகரத்துக்கு எந்தக் கம்பெனி பெயின்டும் பொறுப்பேற்காது. பட்டி தேய்க்கவும் வாட்டர் பேப்பர் நனைக்கவும் அதே நல்ல தண்ணீர்தான்.

கழுவியதும் சூடான காற்றில் காயவைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர். ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு ‘பணம் வந்ததும் மிச்சத்தைப் பார்க்கலாம்’ என்று வெட்டவெளியில் விட்ட கார்கள்தான் அதிகம் கெடுகின்றன. ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். பணம் தீரும் என்றால் எபாக்சியோடு நிறுத்துங்கள், கூரைக்கு அடியில்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். அதன் பாடியின் பெரும்பகுதி தனிச் சேசிஸின் மேல் போல்ட்டு போட்டுப் பூட்டியது. கழற்றி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு பக்கமும் அடித்துப் பூட்டுங்கள். துரு பிறப்பது இணைப்புகளில்தான்.

எந்த மாதம் அடிக்கலாம்?
*— காட்டுப்பள்ளி வாசகர்*

ஐப்பசி, கார்த்திகை கூடவே கூடாது. ஈரக்காற்றில் என்.சி. பால் நிறமாக மங்கும், பி.யூ.வில் குமிழி வரும். தை பிறந்து பனி விலகிய பிறகு நல்ல காலம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அந்தக் காலம் காருக்கும் பொருந்தும், ஆனால் நல்ல பெயின்டர் படகுத்துறையில் மாட்டிக்கொள்வார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சூட்டில் தின்னர் சீக்கிரம் பறந்துவிடும்; மெதுவாக உலரும் தின்னர் கேட்டு வாங்குங்கள்.

நேரம்: காலையில் பனியீரம் காய்ந்த பிறகு, கச்சான் என்னும் மேல்காற்று வீசும்போது. நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்புவதற்குள் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட வேண்டும். காற்று திரும்பும் நேரம் படகில் போகும் அண்ணனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவரைக் கேட்டு நாள் குறியுங்கள்.

என் கணவர் பெயின்டர். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார். போதுமா?
*— அத்திப்பட்டு வாசகி*

போதாது, அம்மா. இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி உங்களுடையது. பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அதன்பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும், கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்வாகத் தேய்க்காமல் நனைத்தே தேய்க்கச் சொல்லுங்கள். கார் முதலாளிகளுக்கு: பெயின்டுக்குக் காசு எண்ணும்போது முகமூடிக்கும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு மனிதனின் மூச்சை விலையாகக் கொடுத்து வாங்கிய பளபளப்பு எந்தக் காருக்கும் வேண்டாம்.

அனல்மின் நிலையச் சாம்பல் தினமும் படிகிறது. துணியால் தட்டிவிட்டால் போதுமா?
*— அத்திப்பட்டு வாசகர்*

தட்டினால் அது உப்புத்தாள் வேலை செய்யும். முதலில் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டுச் சாம்பலை இறக்குங்கள், பிறகுதான் துணி. ஈரமான காரின் மேல் தார்ப்பாய் மூடவே கூடாது.

டிக்கியில் மீன்கூடை ஏற்றலாமா?
*— பழவேற்காடு வாசகர்*

மடவைக்கு ஆட்டோ இருக்கிறது, இறாலுக்கு வேன் இருக்கிறது. ஐஸ் கரைந்து ஓடும் உப்புநீருக்கு டிக்கியின் அடித்தகரம்தான் முதல் பலி. கல்யாண வீட்டுக்குப் போகும்போது காரை எடுங்கள்.

வேலை முடிந்தது! மிஞ்சிய பெயின்டைப் படகுக்கு அடித்துவிடலாமா?
*— காட்டுப்பள்ளி வாசகர்*

படகுக்கு அதற்கென்றே பெயின்ட் இருக்கிறது. மிஞ்சியதில் அரை லிட்டரை ஹார்டனர் கலக்காமல் சிறு டின்னில் வாய்வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். ஒரு அடி நீள அகலத்தில் தகரத்துண்டு ஒன்றுக்கும் அதே பெயின்டை அடித்து வீட்டுக்குள் இருட்டில் வையுங்கள்; டின் காய்ந்துபோனாலும் தகரம் நிறம் சொல்லும். ஆர்.சி. வைத்திருக்கும் உறைக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பெயின்ட் கம்பெனி, கலவை எண், எத்தனை கோட், எந்த பிரைமர், எந்தத் தேதி, அடித்தவர் பெயர். உங்கள் அப்பா காலத்தில் யாரும் இப்படி எழுதி வைக்காததால்தான் நாம் இன்று நாணய அளவில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். அடுத்து இந்தக் காரைத் தொடப்போகிறவர் உங்கள் தாளைப் படித்தால் போதும் என்று ஆக்கிவிடுங்கள்.