ஐயா ஊற்றிய ஆயிலைக் காத்தவர்

தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை, நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோயில் முன்னே நகரத்தார் குடும்பப் புள்ளிகள் வரிசையாகப் பானை வைக்கும் செவ்வாய்ப் பொங்கலுக்கு, எந்தத் தேசத்தில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுபவர் நீங்கள். வந்ததும் வீட்டைத் திறப்பீர்கள். ஐயா வாங்கிவைத்த அம்பாசிடரின் மேலே கிடக்கும் துணியை விலக்குவீர்கள். அதிலேயே கோயிலுக்கு வருவீர்கள். பழைய வண்டிகளை எடைக்குப் போட்டவர்கள் நடுவில், அதை விற்காமல் வைத்திருப்பதற்கே உங்களைப் புகழ வேண்டும், அண்ணே. அதன் கியர் பாக்ஸைத் தேய்த்து முடித்ததற்கு இன்னும் அதிகமாகப் புகழ வேண்டும். அது லேசில் தேய்கிற பொருள் இல்லை.

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை அம்பாசிடரைக் கட்டியது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைதான் அதன் மூலம். ஐயா காலத்து வண்டியில் நான்கு கியர். கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். மாட்டு வண்டித் தடத்திலும் செம்மண் சாலையிலும் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஓடிய இரும்பு அது. அதை வெல்வதற்கு அசாதாரணமான குணங்கள் வேண்டும். அத்தனையும் உங்களிடம் இருக்கின்றன.

முதலாவது, முன்னோர் மேல் உங்களுக்குள்ள பக்தி. பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் காப்பது போலவே, ஐயா கியர் பாக்ஸில் ஊற்றிய ஆயிலையும், பெட்டியை இறக்கும் நாள் வரும்வரை, ஒரு சொட்டு மாற்றாமல் காத்தீர்கள். இஞ்சின் ஆயில் கறுத்தால் கம்பியை உருவிப் பார்த்துவிடலாம்; கியர் ஆயிலை வடித்துப் பார்க்கவோ வண்டியின் அடியில் குனிய வேண்டும். உங்கள் பக்தி குனிந்து சோதிக்கிற பக்தி இல்லை. ஆண்டு முழுவதும் அசையாமல் நிற்கும் வண்டியில் ஆயில் அடியில் தங்கிவிடும். மேலே இருக்கும் பேரிங்குகளில் ஈரக் காற்று துருப்புள்ளி வைக்கும். அடுத்த தையில் சாவியைத் திருப்பியதும் அந்தப் புள்ளிகள் சுழலும் பாதையைக் கொத்தத் தொடங்கும். கண் நோய் தீர ஊரூராய் வந்து வேண்டிக்கொள்கிற அம்மன் சந்நிதிக்கு ஆண்டு தவறாமல் வருகிற நீங்கள், அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அந்த ஆயில் பேசியிருக்கும். அதில் மஞ்சளாக மினுங்கும் தூள், கியர் விழும்போது வேகங்களை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. காந்தத்தில் ஒட்டும் செதில் பல்லிலோ பேரிங்கிலோ இருந்து உதிர்ந்த எஃகு. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இரண்டாவது, உங்கள் கையும் காலும் விடாத பற்று. ஓட்டும்போது இடது கையை கியர் கம்பியில் தொங்கவிட்டே வருவீர்கள். கம்பியின் மறுமுனையில் பெட்டிக்குள் ஒரு ஃபோர்க் இருக்கிறது; சுழல்கிற வளையத்தின் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். கியர் விழுந்த பிறகு அது எதையும் தொடாமல் சும்மா இருக்க வேண்டியது. உங்கள் கையின் கனம் அதை இடைவிடாமல் வளையத்தில் உரசவைத்தது. இடது காலும் கிளட்ச் பெடலைப் பிரிந்ததில்லை; ரிலீஸ் பேரிங் ஓய்வறியாமல் தேய்ந்தது, பிளேட் வழுக்கி வழுக்கிக் கருகியது. சொந்தக்காரர்களைக்கூட இப்படி விடாமல் பற்றிக்கொண்டவர் இந்த வட்டாரத்தில் குறைவு.

மூன்றாவது, வேகம். அந்தப் பெட்டியில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்குத்தான் சிங்க்ரோ உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. சிங்க்ரோ இல்லாத காலத்து ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் போட்டு, காதால் வேகத்தை அளந்து பல்லோடு பல்லைச் சேர்த்தார்கள். 1928இல் காடிலாக் வண்டியில் சிங்க்ரோ வந்தபின் அந்த வேலையைப் பித்தளை வளையம் ஏற்றுக்கொண்டது: கூம்பில் உரசி இரண்டு வேகத்தையும் ஒன்றாக்கி, அதன் பிறகே வழிவிடும். அதற்குத் தேவை ஒரு கணப் பொறுமை. உங்களுக்கு அந்தக் கணமும் வீண். வண்டி நிற்கும் முன்னே முதல் கியர். பின்னால் உருளும்போதே முன்னே போகும் கியர். மூன்றிலிருந்து இரண்டுக்கு ஒரே அறை. வளையத்தின் உள்முகத்தில் ஆயில் படலத்தை அறுக்கும் நுண்ணிய வரிகள் இருந்தன. அவற்றை மழமழவென்று ஆக்கிவிட்டீர்கள். இப்போது இரண்டாம் கியர் விழும்போதெல்லாம் கர்ரென்று கேட்பது அந்த வேகத்துக்குக் கிடைத்த வாழ்த்து.

நான்காவது, சிக்கனம். சரிவு கண்டால் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவீர்கள். பெட்டிக்குள் ஆயிலை வாரி மேலே தெளிப்பது அடியில் சுழலும் லே ஷாஃப்ட். அது இஞ்சினோடு சேர்ந்து சுழல்வது. இஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். சக்கரத்தோடு சுழலும் மெயின் ஷாஃப்ட் மட்டும் உலர்ந்து ஓடும். சேமித்த பெட்ரோலின் விலையை பேரிங் கட்டியது. சத்தம் பெரிதானபோது யாரோ சொன்னதைக் கேட்டு, பின் ஆக்ஸிலுக்கு உரிய தடித்த ஆயிலில் மிச்சம் இருந்ததை கியர் பாக்ஸிலும் சேர்த்தீர்கள். சத்தம் அடங்கியது. அந்த ஜி.எல். 5 வகை ஆயிலில் இருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும் என்பதால்தான் இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எல். 4 சொல்லப்படுகிறது. நோயைத் தொடாமல் முனகலை மட்டும் நிறுத்திய வைத்தியம் அது.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: உங்கள் பொறுமை. பல்லோடு அவ்வளவு அவசரப்பட்ட நீங்கள் பழுதோடு அவசரப்பட்டதே இல்லை. பெட்டி உங்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் உறுமியது, கிளட்சை மிதித்தால் அடங்கியது. முன் பேரிங்கோ லே ஷாஃப்ட்டோ போகிறது என்று அதற்குப் பொருள். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைந்து நான்கில் அமைதியானது. நான்காவதில் மட்டும் சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போவதில்லை, ஆகவே பழுது எங்கே என்று அதுவே விரல் நீட்டிக் காட்டியது. ஆக்சிலரேட்டரை விட்டதும் மூன்றாம் கியர் நழுவியது. பல்லின் ஓரம் உருண்டிருக்கலாம், கியரைப் பிடித்துவைக்கும் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம். நீங்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே காளையார்கோவில் வரை போய் வந்தீர்கள். இத்தனை ஆண்டு ஒருவர் முறையிட, இத்தனை ஆண்டு முகம் கோணாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் வேறு யார்?

தம்மை ஆதரித்த வள்ளலைப் பாடி வாழ்த்திய கம்பரின் சமாதி இருக்கிற ஊரில் உங்கள் கொடையையும் சொல்லாமல் விடக் கூடாது. விருந்துக்குக் கணக்குப் பார்க்காதவர் நீங்கள். கணக்குப் பார்த்தது ஒரே இடத்தில். பெட்டியை இறக்கிப் பிரித்து வைத்த மெக்கானிக், லே ஷாஃப்ட்டின் ஊசி பேரிங், த்ரஸ்ட் வாஷர், ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். புது வளையத்தை கூம்பில் அழுத்தி, பல்லுக்கும் வளையத்துக்கும் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் வைத்து அளக்கவும் ஒரு நாள் கேட்டார். நீங்கள் ஒரே ஒரு வளையத்துக்குச் சம்மதம் தந்தீர்கள். பழைய சீலையே திரும்பப் போடச் சொன்னீர்கள். மாலைக்குள் வண்டி வேண்டும் என்றீர்கள். ஆடுகிற ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்த புது வளையம் பழையதன் வழியே போயிற்று. பெட்டியை இறக்கும் கூலிதான் பெரிய செலவு. அதே கூலியை மறுபடியும் முழுதாகக் கொடுத்தீர்கள். தொழிலாளியை இப்படி இருமுறை வாழவைக்கும் மனம் எல்லோருக்கும் வராது.

இவ்வளவு புகழுக்கும் உரிய உங்களிடம் ஒரு விண்ணப்பம். உத்தர்பாராவில் அம்பாசிடர் நின்றுபோய்விட்டது. உங்கள் பெட்டியில் உருளும் ஒவ்வொரு பல்லுக்கும் மாற்றாக நல்ல பல் தேடுவது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. அந்தப் பெட்டியைக் காதால் அறிந்த கைகளும் வயதாகி வருகின்றன. ஆகவே வருகிற மார்கழியிலேயே வாருங்கள். கியர் விழவில்லை என்றால் உடனே பெட்டியை இறக்கச் சொல்லாமல், ஸ்டியரிங் அடியில் இருக்கும் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கிறதா, கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் பழுது வெளியிலேயே இருக்கும். ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். இறக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே முறை இறக்கி, மெக்கானிக் கேட்கிற நாளையும் கேட்கிற சாமானையும் கொடுங்கள். கிளட்சையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அப்படிச் செய்தால் மேலே சொன்ன ஐந்து புகழும் கொடைப் புகழும் உங்களை விட்டுப் போய்விடும். அவற்றுக்கு ஈடாக ஒன்றே ஒன்று கிடைக்கும்: ஐயா விட்டுப்போன வண்டியைப் பேரன் கையில் ஓடும் வண்டியாகக் கொடுத்தவர் என்ற பெயர். அந்த நட்டத்தை நீங்கள் மனமுவந்து ஏற்க வேண்டும், அண்ணே.