பழத்தைப் பயமாக்கிய பலகை

டோர்ட்மண்ட்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புமிக்க மாமா அவர்களுக்கு,

ஜெர்மனியில் விற்பனையாகும் மடிக்கணினியின் விசைப்பலகை, சென்னையில் புழங்கும் ஆங்கில விசைப்பலகையைப் பெரும்பாலும் ஒத்திருந்தாலும், ஒய் என்னும் எழுத்தும் இசட் என்னும் எழுத்தும் தம்முள் இடம் மாறி நிற்பதால் தனிவகையாகக் கொள்ளப்படுகிறது. மேல்வரிசையின் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்துப் படித்து ஆங்கிலப் பலகையைக் குவெர்ட்டி என்பது போல, இதனைக் குவெர்ட்ஸ் என்பர். ஜெர்மன் மொழியில் இசட் அன்றாடம் உழைக்கும் எழுத்து. 'இரண்டு' என்று சொல்லவும் அது வேண்டும், 'நேரம்' என்று சொல்லவும் அது வேண்டும். ஒய்யோ பெரும்பாலும் பிறமொழிச் சொற்களோடு வந்து தங்கும் விருந்தாளி. ஆகவே வீட்டுக்காரனை நடுக்கூடத்தில், ஆள்காட்டி விரலுக்கு எட்டுமிடத்தில் அமர்த்தி, விருந்தாளியைச் சுண்டுவிரல் துழாவும் இடதுகோடி மூலைக்கு அனுப்பியது ஜெர்மானியரைப் பொறுத்தவரை நியாயமே. ழகரத்தை இசட் கொண்டும் யகரத்தை ஒய் கொண்டும் தட்டிப் பழகிய தமிழனுக்கு இந்த இடமாற்றத்தால் நேரும் கதியை ஆராய்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

சென்ற கடிதத்திலிருந்த தன்மை ஒருமைச் சொற்கள் அனைத்தும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு, 'கடிதமா, தற்பெருமையா?' என்ற ஓரக்குறிப்புடன் திரும்பி வந்தமையால், இம்முறை ஆய்வுநூல் நடை மேற்கொள்ளப்பட்டுள்ளது என்பதையும், எழுதுபவன் 'மருமகன்' என்றே படர்க்கையில் சுட்டப்படுவான் என்பதையும் தாங்கள் கவனித்தருள வேண்டும்.

மடிக்கணினி சனிக்கிழமை வாங்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குக் கடைகள் சட்டப்படி மூடிக்கிடக்கும் என்பதால், வாரம் முழுதும் வேலைக்குச் செல்பவன் எதை வாங்குவதாயினும் சனிக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும். விலைச்சீட்டில் 1.299,00 யூரோ என்றிருந்தது. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்தைப் பிரிக்கக் காற்புள்ளியும் இடுவது இந்நாட்டு வழக்கம். நம் வழக்கத்துக்கு இது நேர்த் தலைகீழ். சீட்டின் படத்தைக் கண்ட அத்தை அதனை ஒன்றேகால் யூரோவுக்குச் சற்று மேல் என்று வாசித்து, அந்த விலைக்கு லேப்டாப் கிடைக்கிறதென்றால் தெருவிலுள்ள பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு வாங்கி அனுப்பலாமே என்று கேட்டது குடும்பம் அறிந்த செய்தி.

பெட்டியைத் திறந்தவுடன் கண்ணில் படுவன விசைகளின் மேலுள்ள சொற்கள். கட்டளைகளுக்கு முன்னால் அழுத்தவேண்டிய கன்ட்ரோல் விசையின் மேல் எஸ், டி, ஆர், ஜி ஆகிய நான்கு எழுத்துகள் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன. 'கட்டுப்படுத்துதல்' என்று பொருள்படும் ஷ்டொயருங் என்ற சொல்லை இவ்வாறு சுருக்கியிருக்கிறார்கள். உயிர் நீங்கிய நான்கு மெய்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இக்காட்சியை, மெய்ம்மயக்கம் நடத்திய ஆசிரியர் எவரும் மனவலிமையோடுதான் பார்க்க வேண்டும். டெலீட் என்றிருக்கவேண்டிய இடத்தில் 'அகற்றுக' என்பதன் சுருக்கம் உள்ளது. திரையைப் படம்பிடிக்கும் விசைக்குப் பெயர் ட்ருக். அச்சிடுதல், அழுத்தம் ஆகிய இரண்டையும் குறிக்கும் சொல் இது. மாமா தினமும் காலையில் மாத்திரை போட்டுக்கொள்வது எதற்காகவோ, அந்த இரத்த அழுத்தத்துக்கும் இங்கே ப்ளூட்ட்ருக் என்றே பெயர்.

மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் 'அட்' குறியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இக்குறியின் வளைந்த வாலைக் கண்ட ஜெர்மானியர், கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கும் ஒருவகைக் குரங்கின் பெயரான கிளாமர்அஃபே என்பதை இதற்கும் சூட்டினர். இக்குரங்கு கியூ விசையின் வலப்பக்க மூலையில் சிறியதாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இடைவெளிப் பட்டைக்கு வலப்புறமுள்ள ஆல்ட்-ஜிஆர் என்ற துணைவிசையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையால் கியூவைத் தட்டினால் கீழே இறங்கி வரும்.

மருமகன் தட்டியபோது இறங்கி வரவில்லை. கணினி முதன்முதலாக விழித்தெழும்போது, எந்த நாடு என்றும், எந்த விசைப்பலகை அமைப்பு என்றும் அடுத்தடுத்துக் கேட்கும். நாட்டுக்கு ஜெர்மனி என்று விடையளித்தவன், பலகைக்கு மட்டும் பழக்கதோஷத்தால் அமெரிக்க ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்துவிட்டான். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அனுப்புகிறது, அந்த இடத்துக்கு எந்த எழுத்து உரியது என்பதை உள்ளிருக்கும் மென்பொருளே தீர்மானிக்கிறது என்ற அடிப்படை உண்மை அப்போது அவனுக்கு நினைவில் இல்லை. விசையின் மேல் அச்சிட்டிருப்பது வெறும் நெற்றிப்பொட்டு. வைத்தவர் விருப்பத்துக்கு வைத்தது. அரைமணி நேரம் அழைத்தும் குரங்கு இறங்கி வரவில்லை. இறுதியில் மேற்கோள்குறி அச்சிடப்பட்ட இரண்டாம் எண் விசையில், அமெரிக்கச் சட்டப்படி அது ஒளிந்திருப்பது தெரியவந்தது.

அடுத்து வந்தது கடவுச்சொல். வாழைப்பழம் என்பதை ஆங்கில எழுத்தில் 14 எழுத்துகளாக எழுதி, ஈற்றில் ஓர் எண்ணையும் சேர்த்து மருமகன் கடவுச்சொல் அமைத்தான் (அது இப்போது மாற்றப்பட்டுவிட்டதால் அத்தையிடம் சொல்வதில் தடையில்லை). எழுத்துகளுக்குப் பதிலாகத் திரையில் கரும்புள்ளிகளே தோன்றும் என்பதால், விசையைப் பார்த்து இசட் என்று தட்டிய இரண்டு இடங்களிலும் ஒய் பதிவாகியதை அவன் அறியவில்லை. பின்னர்க் கைபேசியில் அதே சொல்லை ஒழுங்காக எழுதி உள்ளே நுழைய முயன்றபோது வாசல் திறக்கவில்லை. கைபேசி பழம் என்றது. கணினியோ பயம் என்று எழுதி வைத்திருந்தது. அன்றைய அமளியில் தடையின்றி முடிந்தது இணைய இணைப்பு ஒன்றுதான். வீட்டிலுள்ள இணையப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த 20 இலக்கத் திறவுகோலில் எண்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதே காரணம்.

இனித் தமிழுக்கு வருவோம். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் வழியாகப் பரவிய அஞ்சல் முறை, ஆங்கில எழுத்தின் ஒலியைக் கொண்டு தமிழ் எழுத்தைத் தரும் முறையாகும். 2019ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் இயங்குதளத்தோடு சேர்ந்தே இது கிடைக்கிறது. இம்முறையில் ஒய் இருக்குமிடம் யகரத்துக்கும், இசட் இருக்குமிடம் ழகரத்துக்கும் உரியது. இடங்கள் ஆங்கிலப் பலகையின்படி கணக்கிடப்பட்டவை. எனவே ஜெர்மன் பலகையின் மேலுள்ள எழுத்தைப் பார்த்துத் தட்டுகிறவன், ழகரம் வேண்டிய இடத்தில் யகரத்தையும் யகரம் வேண்டிய இடத்தில் ழகரத்தையும் தவறாமல் பெறுவான். யாழ் ழாய் ஆகும். தாய்மொழி தாழ்மொயி ஆகும்.

இந்த நுட்பம் விளங்கும் முன்பே அத்தைக்கு முதல் தமிழ்ச் செய்தி போய்விட்டது. டோர்ட்மண்ட் நகருக்கு அருகில் ஹம் என்ற ஊரில், இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்குச் சென்று வந்ததைத் தெரிவிக்கும் நோக்கத்துடன், 'வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலில் வாழைப்பழம் படைத்தாயிற்று, இங்கே மழை' என்று எழுதப்பட்ட செய்தி, 'வெள்ளிக்கியமை காமாட்சி கோழிலில் வாயைப்பயம் படைத்தாழிற்று, இங்கே மயை' என்று போய்ச் சேர்ந்தது. அத்தையின் கண் கோழியைத் தவிர வேறெதையும் காணவில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அம்மனுக்குக் கோழியா என்று அவர் பதறி, பரிகாரம் நேர்ந்துகொண்டதாகத் தெரிகிறது.

தங்கள் கவலை வேறு திசையில் சென்றது என்றும் அம்மா வாயிலாகத் தெரியவந்தது. ழகரம் தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ளகரமாக ஒலிப்பதையும், சென்னைப் பேச்சில் அதுவே யகரமாக ஒலிப்பதையும் மொழிநூலார் குறித்துள்ளனர். ராயபுரத்துப் பள்ளியில் 32 ஆண்டுகள் 'வாயப்பயம்' என்று சொன்ன பிள்ளைகளின் நாவை மடக்கி ழகரம் பழக்கிய ஆசிரியரின் வீட்டுக்கு, ஐரோப்பாவிலிருந்து, அதுவும் சொந்த மருமகனிடமிருந்து, வாயைப்பயம் வந்து சேர்ந்தால், அவன் அங்கே யாருடன் பழகுகிறான் என்று கேட்பது இயல்பே. அவன் பழகியது இந்தப் பலகையோடு மட்டுமே. ஆயினும் ராயபுரத்துப் பிள்ளைகள் மேல் தங்களுக்கிருந்த மனக்குறையை ஓரளவு தளர்த்திக்கொள்ளலாம். பொறியியலுக்குப் பேர்போன நாட்டின் எந்திரத்துக்கும் அதே நாக்குதான் வாய்த்திருக்கிறது. பிள்ளைகளாவது கோயிலைக் கோழில் என்றதில்லை.

இதற்குத் தீர்வாக மருமகன் மேற்கொண்டிருப்பது தமிழ் 99 என்னும் அமைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் ஆராயப்பட்டு, அவ்வாண்டே தமிழ்நாட்டு அரசால் ஏற்கப்பட்ட இவ்வமைப்பு ஆங்கில எழுத்தைச் சார்ந்ததன்று. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்தவை. தங்களுக்கு உவப்பளிக்கக்கூடிய செய்தி, அதனுள் இலக்கணம் பொதிந்திருப்பதாகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதன் மேல் புள்ளி தானே ஏறும். ங, ஞ, ண, ந, ம, ன ஆகிய மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே. 'பந்தம்' என்று எழுதுகிறவன் நகரத்தின் மேல் புள்ளி வைக்கத் தனியே மெனக்கெட வேண்டியதில்லை. இனவெழுத்து என்ற பாடத்தை வகுப்பில் கொட்டாவியோடு கேட்டவனுக்கு, அதன் பயன் இருபது ஆண்டுகள் கழித்து டோர்ட்மண்டில் விளங்கியிருக்கிறது.

ஜெர்மன் மொழியில் வரும், தலையில் இரட்டைப் புள்ளி சுமந்த மூன்று உயிரெழுத்துகளின் விசைகளில் இப்போது யகரமும் நகரமும் சகரமும் குடியேறியுள்ளன. ழகரம் கீழ்வரிசையின் வலக்கோடியில், சிறுகோடு அச்சிட்ட விசையில் இருக்கிறது. பார்த்துத் தட்டினால் பயனில்லை என்பதால் மருமகன் பார்க்காமல் தட்டக் கற்றுவருகிறான். இக்கடிதத்தை முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. எழுத்துப்பிழை காணப்பட்டால் சிவப்பு மையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். யகர ழகரப் பிழை மட்டும் அகப்படாது.

கணினி வந்த அட்டைப்பெட்டி காகிதத்துக்குரிய தொட்டியிலும், அதனுள்ளிருந்த நெகிழிப்பை மஞ்சள் தொட்டியிலும் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டும் மாறிப்போனால் பக்கத்து வீட்டு மூதாட்டி சுட்டிக்காட்டத் தவறுவதில்லை. அவருக்கும் தங்களுக்கும் ஒத்துப்போகும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மருமகன்.

பின்குறிப்பு, அத்தைக்கு: பரிகாரத்தை நிறுத்திவிடலாம். அம்மனுக்குப் படைக்கப்பட்டது வாழைப்பழமே. இங்கு அது எடைபோட்டு விற்கப்படுவதால் எத்தனை சீப்பு என்று சொல்ல வழியில்லை, ஒன்றேகால் கிலோ.