மருமகனுக்கு ஒரு டிக்கி ஷொக் பாடம்

வா மருமகனே, குந்து. நெத்தியில என்ன, பொட்டு வைக்கிற எடத்துல கொழுக்கட்டை? சொல்லவேணாம், லயம் பூராவும் தெரிஞ்சு போச்சு. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல கிரகரி வாவிப் பக்கம் தேத்தண்ணியும் வடையும் விக்கப்போறேன்னு பெட்டி வண்டி ஒண்ணு அடிச்ச. பக்கவாட்டுக் கதவைத் தூக்கினா கூரையா நிக்கணும்னு ரெண்டு கேஸ் ஷொக் மாட்டின. மத்தியானம் நின்னுச்சு. மறுநாள் விடியக்காலம், பனி கொட்டுற நேரம், அது ஒன் தலையில எறங்கிருச்சு. மொத போணியே ஒனக்குத்தான்.

1873ல கவர்னர் கிரகரித் துரை அந்த வாவிய உண்டாக்கினாரு. அவரு ஆளுங்ககூட அணை கட்டுமுன்ன அளந்துதான் இருப்பாங்க. நீ டேப்பைத் தொட்டியா?

கொழும்பு பஞ்சிகாவத்தையில, ஜப்பான் கார் டிக்கியில கழட்டின ஷொக்கு ரெண்டு வாங்கியாந்திருக்க. உடம்புல 400 நியூட்டன்னு அடிச்சிருக்கு. பெரிய நம்பரா இருந்தா நல்லதுன்னு எடுத்தியாக்கும்? ஆப்பிள் விழுந்து யோசிச்ச மனுசன் பேருய்யா அது. ஒனக்குக் கதவே விழுந்திருக்கு, இனிமேயாவது யோசி.

ஒங்க அம்மா கொழுந்துக் கூடையக் கயித்துல தலையில மாட்டிக்கிட்டு மலை ஏறினவ. கயிறு ரெண்டு விரக்கடை தள்ளி உக்காந்தா கழுத்து என்ன பாடுபடும்னு அவகிட்டக் கேளு. பாரம் அதேதான், எடம்தான் வேற. வாசக்கதவைப் பிணைச்சலுக்குப் பக்கத்துல கைவச்சுத் தள்ளிப் பாரு, அப்பத் தெரியும்.

ஒன் கதவு 18 கிலோ. பிணைச்சல்லருந்து நடுப்பாரம் 45 சென்டிமீட்டர். பெருக்கினா 810. நியூட்டன் பத்து, சுமாரா ஒரு கிலோ. ஒன் ஷொக்கு ரெண்டும் சேர்ந்து 80 கிலோ தாங்கல். ஆனா கதவு திறந்து நிக்கையில, பிணைச்சலுக்கும் ஷொக்கு போற கோட்டுக்கும் நேர்குறுக்கா 10 சென்டிமீட்டர்தான் விட்டிருக்க. பெருக்கினா 800. ரெண்டு கணக்கும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி, மயிரிழையில நின்னிருக்கு. ஷொக்கு உடம்புல இருக்கிற அந்த 400, 20 பாகை சூட்டுக்கு அடிக்கிற கணக்கு. ஒரு பாகை கொறஞ்சா சுமார் முன்னூத்துல ஒரு பங்கு கொறையும். உள்ள இருக்கிறது நைட்ரஜன் காத்துய்யா, குளிருக்கு அதுவும் நம்மளப்போலக் கம்பளிக்குள்ள சுருண்டுக்கும். நுவரெலியா கடலுக்கு மேல 1868 மீட்டர்; தை மாசி விடியலுல புல்லு மேல வெள்ளையா உறையுற ஊரு. கொழும்பு 30 பாகையில தூக்கிப் பாத்துட்டு, பூச்சியத்துக்குக் கொண்டாந்து நிறுத்தினா பத்துல ஒரு பங்கு பலம் காணாமப் போயிரும். ஒனக்கு மயிரிழையும் மிஞ்சல.

அதே கதவுக்கு அந்த 10 சென்டிமீட்டர் இடைவெளிய 20 ஆக்கு. ஆளுக்கு 200 நியூட்டன் போதும், குளிருக்குன்னு கூட்டி 240 வாங்கு. அதுக்கும் மேல போனா கடை சாத்துறப்ப நீ கதவுல தொங்கிக்கிட்டுக் கிடப்ப, சீசன் சனம் ஒன்னைய வேடிக்கை பாக்கும். பிணைச்சல் ஆணியும் பிடுங்கிக்கும்.

மாட்டுற எடமும் கேளு. கதவுல பிணைச்சலுக்கு 21 சென்டிமீட்டர் கீழ ஒரு குமிழ், பெட்டிச் சட்டத்துல 60 கீழ இன்னொண்ணு. சாத்தினா ரெண்டுக்கும் நடுவுல 39, திறந்தா கிட்டத்தட்ட 64. அந்த நீளத்துக்கு ஷொக்கு கிடைக்குதான்னு பாத்துட்டு அப்புறமா ஓட்டை போடு. நீ ஓட்டையப் போட்டுட்டு ஷொக்கைத் தேடுற ஆளு. சாத்தின நெலையில அந்தக் கோடு பிணைச்சலுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா, கதவைத் தானே இறுக்கிப் பிடிக்கும். வெளிய போனா, ஹட்டன் வளைவுக்கு வளைவு கதவு தட்டிக்கிட்டே வரும். குழாய் மேல, தண்டு கீழ. உள்ள இருக்கிற எண்ணெய் தண்டு வாசல்ல நின்னாத்தான் சீல் காயாது. ஒன்னது தலைகீழா நிக்குது, ஒன்னைப்போலவே.

கழட்டின பழசை அடுப்புல போட்டு வேடிக்கை பாக்காத. வாளும் வைக்காத, வெல்டிங்கும் வைக்காத. உள்ள அடைச்சிருக்கிற அழுத்தம் லொறி டயரெல்லாம் வெக்கப்படுற அளவு.

இன்னொண்ணு. வாவிப் பக்கம் காத்து அடிச்சா ஷொக்கு ஒண்ணும் புடிச்சு நிறுத்தாது. அது தூக்குற சாமான், பூட்டு இல்ல. நான் ஸ்டோர்ல வேலை பாத்த காலத்துல கொய்யாக் கம்பு ஒண்ணு வச்சுத்தான் பெட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுப்போம். குளிருக்கு அது எளைச்சதே இல்ல. அடுப்பு மேல செருகி வச்சிருக்கேன், எடுத்துக்கிட்டுப் போ. திருப்பிக் குடுக்கணும்.