மீதிப் பணம்

மொட்டை மாடி ஒழுகுகிறது என்றுதான் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். ஒழுகல் இப்போதும் இருக்கிறது. சமையலறையிலிருந்து பூஜையறைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். "தட்டோடு புதுசு சார். செட்டாக ஒரு மழை பாக்கணும்" என்றார். பார்த்தோம். மூன்று மழை.

கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: 'மாடி வேலை, மொத்தம்.' பில்லில் மட்டும் எக்ஸ்ட்ரா என்று 11 வரி. அதில் ஒன்று, அவர் ஆட்களே உடைத்த பைப்பை அவர்களே மாற்றியதற்கு. டீக்காசு தனி.

மீதி 40,000 ரூபாயை நிறுத்தினேன். அதுவரை போனையே எடுக்காத மனிதர், மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கே நலம் விசாரிக்கிறார்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டுக் கட்டுமானமும் 'சேவை'தான், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது, 2 ஆண்டுக்குள் போகலாம் என்று முழங்கினேன். அவர் அசரவில்லை.

"தாராளமா போங்க சார். ரசீது வச்சிருக்கீங்கள்ல?"

சிகரெட் அட்டைக்குப் பின்னால் அவர் எழுதிக் கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. பத்திரமாக இருக்கட்டுமே என்று பூஜையறையில் வைத்திருந்தேன்.