நாய்க்கும் உண்டு குடியேற்ற விதி

கேள்வி: இந்தியாவிலிருந்து போர்ச்சுகலின் கடலோர ஊருக்குக் குடிபெயரும் குடும்பம், வீட்டு நாயையும் கூட்டிச் செல்ல முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வீட்டாருக்கு முன்பே நாய் தயாராக வேண்டும். முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப். பிறகுதான் வெறிநோய்த் தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. குறைந்தது 30 நாள் கழித்து எடுத்த ரத்தத்தில், எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. எஜமானரின் விசாவுக்கு வங்கிக் கணக்கு சாட்சி; நாய்க்கு ரத்தமே சாட்சி. அரசு கால்நடை மருத்துவரின் சான்றிதழ் கிடைத்த 10 நாளுக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் நுழைந்துவிட வேண்டும்.

போய் இறங்கியதும் கடலில் குதித்துவிட முடியாது. கோடைக் குளியல் பருவத்தில் பல கடற்கரைகளில் நாய்க்குத் தடை. மனிதர்கள் குளித்து முடித்த பிறகே அதன் முறை. மணல் ஈக்கள் லீஷ்மேனியா நோயைப் பரப்புவதால், அவற்றை விரட்டும் கழுத்துப்பட்டை அவசியம். இரவில் நாய் வீட்டுக்குள் உறங்குவது நல்லது. குளிர்காலக் கடைசியில் பைன் மரங்களிலிருந்து வரிசையாக இறங்கும் கம்பளிப்பூச்சியை முகர்ந்தால் நாக்கே அழுகிப்போகலாம். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். உப்புநீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும். ஆகவே கடற்கரைக்குக் கிளம்பும்போது பந்தை மறந்தாலும் குடிநீரை மறக்கக் கூடாது.