அந்தக் காலத்து நகல்

தொண்ணூறுகளில் பாரிஸ் புறநகரிலிருந்து தொர்தோஞ் பக்கம் போக ஒரு மிஷ்லன் வரைபடமும், அதோடு சண்டை போட ஒரு மனைவியும் இருந்தால் போதும். பின்சீட்டில் மச்சினன், அவன் மடியில் புளிசாதத் தூக்கு. எங்கே தங்குவது என்பதை இருட்டிய பிறகு யோசிப்போம். இப்போது எல்லாவற்றுக்கும் முன்பதிவு. குகைக்குப் பத்தரை, தோட்டத்துக்கு இரண்டு, கோட்டைக்கு நாலரை என்று மகள் கைப்பேசியில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டைப் பிரபுக்களே தங்கள் வீட்டுக்குள் இத்தனை நேரம் தவறாமல் நுழைந்திருக்க மாட்டார்கள்.

லாஸ்கோ குகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் ஒரு பொந்துக்குள் இறங்கிக் கண்டுபிடித்தது. உள்ளே எருதும் குதிரையும் மானுமாகச் சுமார் 17,000 ஆண்டுப் பழைய ஓவியங்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்; பார்க்கும்போது மூச்சும் விட்டார்கள். அதுதான் வினையாயிற்று. கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடிக்க, 1963இல் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை இழுத்து மூடினார். 1983இல் அதே குன்றில், இருநூறு மீட்டர் தள்ளி, முக்கியமான இரண்டு பகுதிகளை மட்டும் நகலெடுத்துத் திறந்தார்கள். தொண்ணூறுகளில் நாங்கள் போனது அதற்குத்தான்.

டிக்கெட்டைக் கீழே மோந்தினியாக் ஊரில் வாங்கிக்கொண்டு மேலே ஏறினால், காட்டுக்கு நடுவே ஒரு வாசல். உள்ளே போனதும் குளிர். வழிகாட்டி டார்ச்சைத் தூக்கினார். தலைக்கு மேலே ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஓர் எருது. கறுப்புக் கோட்டில் உடம்பு பக்கவாட்டில் ஓட, கொம்புகள் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன. மச்சினன் அண்ணாந்து பார்த்துவிட்டுக் காதோரம் கேட்டான்: "ஏன் மாமா, ஐந்நூறு கிலோமீட்டர் வந்தது சிமெண்ட்டைப் பார்க்கவா?"

2016 டிசம்பரில் ஊரையொட்டி இன்னொரு நகல் வந்துவிட்டது. இந்தத் தடவை அநேகமாகக் குகை முழுவதும். கையில் ஒரு டேப்லட் கொடுக்கிறார்கள். எருதும் குதிரையும் அதிலும் வருகின்றன. பழையதைவிட எல்லா வகையிலும் மேல். வெளியே வந்ததும் மச்சினன், இப்போது முழு நரை, என் மகளிடம் சொல்கிறான்: "இதெல்லாம் என்னம்மா, சினிமா செட்டு. அந்தக் காலத்துல நாங்க பார்த்தோம் பாரு, அது அசல்." நானும் தலையாட்டினேன். மோனிக் பெய்த்ரால் என்ற ஓவியர் ஆண்டுக்கணக்கில் கையால் தீட்டியதாயிற்றே, சும்மாவா!

நிஜமான அசலும் பக்கத்திலேயே இருக்கிறது. லேசேஸி ஊரையொட்டிய ஃபோன்-து-கோம் குகைக்குள் இன்றும் சிறு சிறு குழுக்களாக ஆட்களை விடுகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் பாறை மேட்டோடு மேடாகக் காட்டெருமை ஒன்று மெல்லப் புலப்பட்டது. செம்மண் நிறம், கொஞ்சம் கறுப்பு, கண்ணை அகற்ற முடியவில்லை. மச்சினன் திருப்தியில்லாமல் வந்தான். லாஸ்கோவில் படம் இன்னும் பளிச்சென்று இருந்ததாம்.

மார்க்கேசாக் தோட்டம் நாங்கள் முதலில் போன காலத்தில் பராமரிப்பு விட்டுப்போய்க் கிடந்தது. 1861இல் இத்தாலி மோகம் கொண்ட ஒருவர் தொர்தோஞ் ஆற்றுக்கு மேலே, செங்குத்துப் பாறையின் விளிம்பில் அமைக்கத் தொடங்கியது. இன்றைக்கு அங்கே 150,000 பாக்ஸ்வுட் செடிகள். அத்தனையையும் கையாலேயே கத்தரித்து உருட்டி வைத்திருக்கிறார்கள், வேகாத பச்சை இட்லி மாதிரி. பாதையில் மயில் ஒன்று நின்றது. சுற்றி இருபது கேமரா. "இதுக்காங்க பிரான்சு?" என்றாள் மனைவி, தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டு.

மிலாந்த் மாளிகையில் பாடகியும் நடனக்காரியுமான ஜோசஃபின் பேக்கர் தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தார். கடன் முற்றி 1969இல் வெளியேற்றினார்கள். சமையலறைப் படியில் அவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கும் படம் உலகம் அறிந்தது. 2021இல் பாரிஸின் பாந்தியோன் நினைவாலயத்தில் இடம் கொடுத்தார்கள். மாளிகை இன்று பிழைப்பதே அவர் பெயரில்தான். கடன் கொடுத்தவர்களுக்கு அந்தப் படியின் மதிப்பு தெரிந்திருந்தால் அவரைக் கெஞ்சி உட்கார வைத்திருப்பார்கள்.

கோட்டைகளில் எனக்குப் பிடித்தது பேனாக்கும் கஸ்தெல்நோவும். நூறாண்டுப் போரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர், அந்தப் பக்கம் ஆங்கிலேயர் என்று முறைத்துக்கொண்டு நின்றவை. 1453இல் இதே ஆற்றின் கீழ்ப்போக்கில் காஸ்தியோனில் தோற்று ஆங்கிலேயர் ஊர் திரும்பினார்கள். இப்போது வீடு வீடாக விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், பீரங்கி வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் தங்கிய வீடும் ஓர் ஆங்கிலேயருடையதுதான். எந்த ஊர் என்று கேட்டார். பாண்டிச்சேரி என்றேன். 1761இல் உங்கள் ஆட்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய ஊர் என்று சேர்த்துக்கொள்ள நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அவர் இங்குள்ள பிரெஞ்சு அலுவலகங்களைப் பற்றி அழ ஆரம்பித்துவிட்டார். அந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே இல்லை. காலையில் பால் ஊற்றி அவர் கொடுத்த டீ, ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள், இத்தனை வருடத்தில் பிரான்சில் நான் வெளியே குடித்ததிலேயே உருப்படியானது.