இழுப்பது ஒன்று, திரும்புவது ஒன்று

காற்று மணிக்கு 10 கடல் மைலுக்கு இறங்கிவிட்டதா? கைட்சர்ஃபிங் (பட்டம் இழுக்கப் பலகையில் சறுக்கும் விளையாட்டு) கடைக்காரர் உடனே 14 சதுர மீட்டர் பட்டத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவார். இழுக்கும், சந்தேகமில்லை. திருப்பத்தான் மனு போட வேண்டும்; உத்தரவு வருவதற்குள் அலை கரையேறி நுரையாகியிருக்கும்.

அலையில் பட்டத்தை நோக்கிச் சறுக்கினால் கயிறு தொய்யும். கனத்த பட்டம் குப்புற விழும். இலேசான பட்டம் காற்றோடு மிதந்து விலகும். 1984-இல் பிரான்சின் லெகெய்னூ சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்குக் காப்புரிமை கோரியது, தண்ணீரில் விழுந்தாலும் அது மறுபடி எழவேண்டும் என்பதற்காக. அடிக்கடி விழுத்தாட்டுவதற்காக அல்ல.

விவரமறிந்தவர்கள், பட்டத்தை விறைப்பாக வைக்கும் காற்றடைத்த குறுக்குக் குழாய் ஒன்றே உள்ள, அல்லது அறவே இல்லாத, சற்றுச் சிறிய பட்டத்தையும் மிதப்பு மிகுந்த பலகையையும் எடுக்கிறார்கள். காற்று குறைந்தால் நீங்களும் பட்டத்தின் எடையைக் குறையுங்கள். பர்ஸின் எடையைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.